வேலூரை விட்டுப் போனால் வெயில் விட்டுவிடுமா?

குடியாத்தம் பக்கத்தில் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருக்கின்றன, தான் சென்னையில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு தம்பி இங்கே கேட்டிருக்கிறார்: “உலகம் ஒன்றரை டிகிரி சூடாகிவிட்டது என்கிறார்கள். வேலூர்க்காரர்களுக்கு வெயில் என்ன புதிதா? நமக்குக் கடலும் இல்லை, உருகுவதற்குப் பனிமலையும் இல்லை. 2021-ல் பாலாறு கரைபுரண்டு ஓடி, வற்றிக் கிடந்த எங்கள் கிணறே நிரம்பியது. அப்படியென்றால் நமக்கு இது நல்லதா, கெட்டதா? அப்பா நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார். போவதென்றால் எந்த ஊர் தப்பிக்கும்?”

நான்கு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். உலகம் முழுவதற்கும் ஒரே சூடு என்றால், அது ஓர் ஊரை ஒரு விதமாகவும் இன்னோர் ஊரை வேறு விதமாகவும் ஏன் தாக்குகிறது, அந்தக் கணக்கில் நம் ஊர் எங்கே நிற்கிறது? இதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் வேளாண்மை படித்தவன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்து, அது இரண்டாகி, 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி பிரிந்தபோது ஓய்வு பெறும் வயதில் இருந்தேன். அணைக்கட்டு, குடியாத்தம், ஆலங்காயம் என்று சுற்றியவன். அதில் பல ஆண்டுகள் தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறித்து வைப்பதும், வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானிகளைப் படிப்பதும் என் வேலையாக இருந்தது. பயிரையும் மழையையும் பற்றி நான் சொல்வதில் அனுபவம் உண்டு. கடலையும் துருவத்தையும் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அந்த ஒன்றரை டிகிரி. 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி, தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. அது ஓர் ஆண்டின் கணக்கு. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் நீண்டகாலச் சராசரி அதற்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. அந்தச் சராசரியும் எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்தது இல்லை. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டைப் பார்த்தால், நிலப்பரப்பு ஏறத்தாழ 1.6 டிகிரியும் கடற்பரப்பு 0.9 டிகிரியும் சூடாகியிருக்கின்றன என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி தரும் கணக்கு. கடல் ஆழமானது, தண்ணீர் மேலும் கீழும் கலக்கிறது, ஆவியாகிக் குளிர்கிறது. அதனால் மெதுவாகச் சூடாகும். நிலத்துக்கு அந்த வசதி இல்லை. பூமி கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குள் போயிருக்கிறது. இல்லையென்றால் நாம் இன்று இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. வடதுருவம் உலகச் சராசரியைப் போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், பனி போய்க் கறுத்த கடல் தெரிந்தால் அதே வெயிலை அது குடித்துவிடும் என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

இந்தியா இதில் ஒரு விசித்திரமான இடத்தில் இருக்கிறது. 1901 முதல் 2018 வரை நம் நாட்டின் சராசரி ஏறியது சுமார் 0.7 டிகிரிதான் என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. மற்ற நிலப்பகுதிகளைவிட இது குறைவு. “பார்த்தீர்களா, நமக்குக் குறைவுதான்” என்று இதை வைத்துக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஏன் குறைவு என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணங்களில் முக்கியமானவை இரண்டு. காற்றில் நிறைந்திருக்கும் புகையும் தூசியும் வெயிலில் ஒரு பகுதியை மறைக்கின்றன. வட இந்தியச் சமவெளியில் பரந்து கிடக்கும் பாசன நிலத்து ஈரம் பகல் வெப்பத்தைக் குறைக்கிறது. எது எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. ஆனால் இரண்டுமே நிரந்தரமான காவல் இல்லை. புகையை ஒழிக்கத்தான் வேண்டும், அது நுரையீரலைத் தின்கிறது. ஒழித்தால் அது மறைத்து வைத்திருந்த சூடு வெளியே வரும்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். எத்தனை டிகிரி ஏறியது என்பதைவிட, ஏறுவதற்கு முன்பே அந்த ஊர் எந்த விளிம்பில் நின்றது என்பதுதான் சேதத்தைத் தீர்மானிக்கிறது. குளிர் நாட்டில் ஜனவரி மாதம் மைனஸ் 20 டிகிரியாக இருந்தது மைனஸ் 17 ஆனால், அங்கே ஒரு செடியும் அதனால் சாகாது. நம் ஊரில் சித்திரையில் 41-ஆக இருந்தது 42 ஆனால், வயலில் களை எடுக்கிற அம்மாவுக்கு வேலை நேரம் ஒரு மணி குறைகிறது. மூன்று டிகிரி அங்கே தாங்கும், ஒரு டிகிரி இங்கே தாங்காது. நாம் ஏற்கெனவே கரையில் நிற்கிறவர்கள்.

எந்தக் கரை? வேலூரைப் பற்றி வழிவழியாக ஒரு பேச்சு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறும் மலையும் மட்டும் அப்படியே இருக்கின்றன, அந்த இரண்டில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

மலையை முதலில் பார்ப்போம். ஊரைச் சுற்றி மொட்டைப் பாறைக் குன்றுகள். கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. சென்னையில் மதியம் ஒரு மணிக்கே கடற்காற்று வந்து பாதரசத்தை இறக்கிவிடும். நமக்கு அது வந்து சேர்ந்தால் பொழுது சாயும் நேரம், பல நாள் வருவதே இல்லை. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து மேட்டு நிலத்தைத் தாண்டி இறங்கும் காற்று காய்ந்து, சூடாகி வருகிறது. அதனால் 42, 43 என்பது நமக்குப் பழகிய எண். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் படித்த வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். வியர்வை ஆவியாகி உடம்பு எவ்வளவு குளிர முடியும் என்பதை அது காட்டும். வேலூரில் 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அந்த ஈரக்குமிழ் 24 டிகிரியில் நிற்கும். அதே நாளில் சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 29-ஐத் தாண்டும். செய்தியில் வேலூர்தான் முதலிடம். உடம்பின் கணக்கில் சென்னைதான் மோசம். நிழலும் நிறையக் குடிதண்ணீரும் இருந்தால் வேலூர்ப் பகலை ஓர் ஆரோக்கியமான ஆள் தாண்டிவிடுவார். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், கடற்கரை ஊர்களுக்கு வரும் ஆபத்து இந்தப் புழுக்கத்தின் வழியாக வருகிறது.

அதற்காக நமக்குக் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பகல் உச்சத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். நான் பயப்படுவது இரவுக்கு. பூமி சூடாவதில் உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் இரவுச் சூடு ஏறுவது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. நம் பாறைக்குன்றுகளும் கான்கிரீட்டும் பகலில் வாங்கியதை இரவில் திருப்பித் தருகின்றன. குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு வீட்டில், சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே, ஒரு மே மாதம் என் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு 36. அந்த வீட்டு அம்மா பகல் முழுக்க மின்விசிறி போடுவதில்லை, இலை காய்ந்துவிடும், தூள் பறந்துவிடும் என்பதால். இரவில் போட்டாலும் அது சுழற்றித் தருவது கூரையின் அனலைத்தான். தூக்கம் கெட்ட உடம்பு அடுத்த நாள் வெயிலுக்குத் தயாராக இருக்காது. அதே தெருவில் மாடியும் ஏசியும் உள்ள வீட்டுக்கு அதே இரவு வேறோர் ஊர். பகுதிக்குப் பகுதி வித்தியாசம் என்று நாம் பேசும்போது கண்டங்களைப் பற்றியே பேசுகிறோம். ஒரு தெருவுக்குள்ளேயே இரண்டு காலநிலை இருக்கிறது.

இரவுச் சூடு பயிரையும் தொடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரையிலான பதிவுகளை வைத்துப் பார்த்ததில், விளையும் காலத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கோடைப் பருவ நெல் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைந்தது. பயிர் பகலில் சேர்த்த சத்தை இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அங்கே கண்ட அந்த எண்ணை அப்படியே நம் நவரைப் பருவ நெல்லுக்குப் பொருத்த முடியாது, ரகமும் மண்ணும் வேறு. ஆனால் போகும் திசையில் சந்தேகம் இல்லை. பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் நெல்லில் பதர் கூடும் என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். நவரை மார்ச்சில் பூக்கும். ஒரு வாரம் தள்ளி நட்டால், பூ நேராக அந்த வெயிலில் போய் மாட்டும். பஞ்சாபில் கோதுமை பால் பிடிக்கும் மார்ச்சில் 2022-ல் இப்படித்தான் வெயில் முன்கூட்டியே வந்து மணி சுருங்கியது. அந்த ஆண்டு இந்தியா, பாகிஸ்தான் இரண்டையும் வாட்டிய வெயில் அலை, மனிதர்கள் பூமியைச் சூடாக்கியதால் ஏறத்தாழ 30 மடங்கு வாய்ப்புக் கூடி வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். வெயில் அலை விஷயத்தில் இவ்வளவு துணிந்து சொல்ல முடிகிறது.

மழை விஷயத்தில் அப்படித் துணிந்து சொல்ல முடியாது. இங்கேதான் உங்கள் பாலாறு வருகிறது.

உறுதியாகத் தெரிந்தது இது: காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே கொட்டும் நாளில் கூடுதலாகக் கொட்டும், கொட்டாத நாளில் நிலத்தை வேகமாக உறிஞ்சும். மொத்த மழை மாறாமலே இருந்தாலும் அது விழுகிற விதம் மாறுகிறது. மத்திய இந்தியாவில் 1950 முதல் 2015 வரை, பரந்த பரப்பில் பெய்யும் அதிகனமழை நிகழ்வுகள் மூன்று மடங்கு ஆகியிருக்கின்றன. அதே காலத்தில் தென்மேற்குப் பருவத்தின் மொத்த மழை கொஞ்சம் குறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து நடந்திருப்பதைப் பாருங்கள். வேலூருக்கு ஆண்டுக்கு 900 முதல் 1000 மில்லிமீட்டர் வரை மழை. தமிழ்நாட்டில் பலரும் வடகிழக்குப் பருவத்தையே நம்பியிருக்க, நமக்குத் தென்மேற்குக் காலத்து இடிமழைதான் சற்றுக் கூடுதலாகத் தருகிறது. அதுவே நமக்கு இருந்த காப்பு: ஒன்று பொய்த்தால் இன்னொன்று. 2016-ல் வடகிழக்கு மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தபோது டெல்டாவைவிட நாம் சற்றுத் தாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சந்தேகமானது எது? வடகிழக்குப் பருவம் இனி கூடுமா, குறையுமா என்பது. பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவும், இந்தியப் பெருங்கடலின் இரு பக்கச் சூடு மாறி மாறி ஏறி இறங்கும் ஊசலாட்டமும் அதை ஆண்டுக்கு ஆண்டு இழுத்தடிக்கின்றன. 2015-ல் சென்னை மூழ்கியது, அடுத்த ஆண்டே வரலாறு காணாத வறட்சி. இவ்வளவு ஆட்டம் உள்ள இடத்தில் மெதுவாக நகரும் ஒரு போக்கைப் பிரித்தெடுக்கப் பல பத்தாண்டுப் பதிவு வேண்டும். அந்த 2015 சென்னை மழையை ஆராய்ந்தவர்களே புவி வெப்பத்தின் கை அதில் தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் எழுதினார்கள். 2024 ஜூலை வயநாடு நிலச்சரிவுக்குக் காரணமான மழையோ காலநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கனத்தது என்று கண்டார்கள். ஆகவே எந்த வெள்ளத்தைப் பார்த்தாலும் “காலநிலை மாற்றம்” என்று சொல்லிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, எதைப் பார்த்தாலும் “இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான்” என்கிறவர்களோடும் இல்லை. 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. அப்போது உலகம் இவ்வளவு சூடாகவில்லை. பெருவெள்ளம் இந்த ஆற்றின் இயல்பிலேயே இருக்கிறது. அதற்கு மேல்தான் இன்று கூடுதல் நீராவி சேர்கிறது.

இன்னொரு வரம்பும் உண்டு. எதிர்காலத்தைக் கணக்கிடும் உலக மாதிரிகள் பூமியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்கின்றன. பலவற்றில் ஒரு சதுரத்தின் பக்கம் நூறு கிலோமீட்டர் வரும். அதற்குள் ஜவ்வாது மலையும் ஏலகிரியும் பாலாற்றுப் பள்ளமும் எல்லாம் ஒரே எண்ணாகிவிடும். மலைமேல் சாமை விதைத்தவருக்கும் கீழே காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் நட்டவருக்கும் அந்த மாதிரி ஒரே பதிலைத்தான் சொல்லும். “2050-ல் வேலூர் மழை இத்தனை சதவீதம்” என்று யாராவது புள்ளி வைத்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்து நிலத்தை விற்காதீர்கள்.

சரி, 2021. அந்த நவம்பரில் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் பாலாற்றின் நீர்ப்பிடிப்பில் பெய்ததும், கவுண்டின்யா, பொன்னை போன்ற துணையாறுகளில் வந்ததும், இங்கே வாரக்கணக்கில் விட்டுவிட்டுப் பெய்ததும் சேர்ந்துகொண்டன. உங்கள் கிணறு நிரம்பியது அந்த வாரக்கணக்கான மழையால்தான். ஒரே நாளில் கொட்டியிருந்தால் நிரம்பியிருக்காது. அதே மழையில் பேரணாம்பட்டில் ஒரு வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் தூக்கத்திலேயே போனார்கள், குழந்தைகள் உட்பட. கிணறு நிரம்பியதை நல்லது என்று சொல்லும்போது அந்த வீட்டையும் சேர்த்தே நான் நினைக்கிறேன். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே மேகம் செய்த வேலை இரண்டும்.

கிணறு நிரம்பியதும் வற்றுவதும் ஏன் இவ்வளவு வேகம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டெல்டாவில் ஆழமான மணலும் வண்டலும் இருக்கின்றன, அது பெரிய தொட்டி. அங்கே வரும் ஆபத்து வேறு: கடல் மட்டம் 1901-லிருந்து 2018-க்குள் உலகச் சராசரியில் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, நாகப்பட்டினம் பக்கம் நன்னீரை இறைக்க இறைக்க உப்புநீர் உள்ளே நகர்கிறது. நமக்குக் கீழே இருப்பது கருங்கல். மேலே கொஞ்சம் மக்கிய பாறை, அதற்கடியில் வெடிப்புகள். தண்ணீர் தங்கும் இடமே அவ்வளவுதான். சின்னக் குடம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். இப்படிப்பட்ட ஊருக்கு மழை சீராக வருவதுதான் உயிர். மொத்தமாக வந்து மொத்தமாகப் போனால் குடம் வழிந்து, மிச்சம் வயலூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் திருப்பத்தூருக்குத் தெற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நம் ஊருக்கு ஓர் ஆண்டில் பெய்வதில் பாதி அது. அதில் நிலத்துக்குள் இறங்கியது கொஞ்சம்தான், சாலையையும் வண்டிகளையும் இழுத்துக்கொண்டு போனதுதான் அதிகம்.

இங்கே நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலாற்றுப் படுகையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காலநிலையைக் காரணம் காட்டுவது பல பேருக்கு வசதியாக இருக்கிறது. ஆற்று மணல்தான் நம் பெரிய தொட்டி. அதை அள்ளிவிட்டோம். மணலில் ஊறி ஓடிய ஊற்றுக்கால்வாய்கள் பல ஊர்களில் இருந்த தடமே இல்லை. ஏரிகளுக்கு வரும் வரத்துக்கால்வாய்கள் தூர்ந்துவிட்டன. தோல் தொழிற்சாலைக் கழிவு கிணறுகளைக் கெடுத்தது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்த கதை. இவை எதையும் கரியமில வாயு செய்யவில்லை. ஆனால் இவை எல்லாம்தான் நம்மைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தின. காலநிலை இப்போது தோளில் கை வைக்கிறது.

என் வேலைக்காலத்தில் என்னை இன்றும் உறுத்தும் ஒன்று உண்டு. அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடிப் பட்டத்துக்கு மானாவாரி நிலக்கடலை விதைக்கச் சொன்னேன். நல்ல மழை, நல்ல முளைப்பு. விழுது மண்ணில் இறங்கும் நேரத்தில் 24 நாள் ஒரு பொட்டு இல்லை. பிறகு பறிக்கும் வாரத்தில் இரண்டே நாளில் 14 சென்டிமீட்டர். காயெல்லாம் செடியிலேயே முளைத்துவிட்டது. என் பதிவேட்டில் அந்தப் பருவத்தின் மொத்த மழை “இயல்பு” என்று இருக்கிறது. நானே என் கையால் எழுதியது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் மொத்த மழையைச் சொல்லி யோசனை கொடுத்ததில்லை. எத்தனை நாள் பெய்தது, நடுவில் எத்தனை நாள் நின்றது என்பதைத்தான் கேட்பேன்.

இப்போது ‘எந்த ஊர் தப்பிக்கும்’ என்ற கேள்வி. நீங்கள் இருக்கும் சென்னையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்: புழுக்கம், கடல் மட்டம், வெள்ளம் மூன்றும். மலைக்குப் போகலாம் என்றால், வயநாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் போனார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம், திருவண்ணாமலையிலேயே 2024-ல் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். தென்கோடிக்குப் போகலாம் என்றால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். குளிர் நாட்டுக்கு? கனடாவில் லிட்டன் என்ற சின்ன ஊர், 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி. வேலூரில் நான் என்றுமே படிக்காத எண். மறுநாளே காட்டுத்தீயில் அந்த ஊரின் பெரும்பகுதி எரிந்தது. அந்த வெயிலில் அந்த மாகாணத்தில் அறுநூறுக்கு மேல் செத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள்ளேயே செத்தார்கள், தனியாக இருந்த முதியவர்கள். குளிருக்காகக் கட்டிய வீடு சூட்டை வெளியே விடவில்லை. நம் பாட்டிகளுக்குத் தெரிந்த நீர்மோரும் நடுப்பகல் ஓய்வும் அங்கே பழக்கத்தில் இல்லை. வெயில் பழகிய ஊர் என்பது ஒரு சொத்துதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதே நேரம், பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

ஆதாயம் அடையும் இடங்களும் இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. கனடாவின், ரஷ்யாவின் வடக்கே பயிர்க்காலம் நீள்கிறது. ஆனால் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவில் மிகக் குறைந்த பங்கே போட்ட சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா பகுதிகளில் 2020 முதல் தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

உங்கள் மூன்று ஏக்கருக்கு வருகிறேன். மா இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் என்பதால் இருக்கலாம். மாவுக்கு மார்கழியின் குளிரும் வறட்சியும் சேர்ந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். பூ விட்ட நேரத்தில் தப்பி வரும் மழை தத்துப்பூச்சியையும் சாம்பல் நோயையும் கூட்டிவரும். ஒரே ரகமாக வைத்திருந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் போகும். பெங்களூரா, பங்கனப்பள்ளி, நீலம் என்று பூக்கும் காலம் தள்ளித் தள்ளி இருந்தால் ஏதாவது ஒன்று நிற்கும். நெல் போட்டால் நவரையை முன்னால் தள்ளுங்கள், பின்னால் தள்ளாதீர்கள். கத்தரி இந்த வெயிலுக்குத் தாங்கும் பயிர், அதுவும் நம் இலவம்பாடி முள்ளுக்கத்தரி. நிலத்தை விற்பதா என்பதை நான் சொல்ல முடியாது, அது உங்கள் வீட்டுக் கணக்கு. ஆனால் “வேலூருக்கு எதிர்காலம் இல்லை” என்ற காரணத்துக்காக விற்கிறார் என்றால், அந்தக் காரணம் போதாது. கிணற்றை நிரப்ப முடிகிற நிலமா, முடியாத நிலமா என்பதைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டும்.

அதைப் பார்க்க எனக்குச் சில விவரம் வேண்டும். அப்பாவிடம் கேளுங்கள்: 2021 டிசம்பரில் கிணற்றில் தண்ணீர் எந்தப் படியில் நின்றது, 2022 சித்திரையில் எந்தப் படி, இந்த ஆண்டு சித்திரையில் எந்தப் படி. நிலத்துக்கு மேற்கே ஓடையோ ஏரியோ இருக்கிறதா, அதிலிருந்து கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது. மூன்று நாள் தொடர்ந்து பெய்தால் வரப்போரம் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடி வெளியே போகிறது. இதை எழுதுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.